பழுப்புப் புள்ளி

டப்பாவின் மூலையில் ஒரு பழுப்புப் புள்ளி,
எள்ளளவு.
கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடும்.

கல்லுக்கட்டிப் பக்கம் மருந்துக் கடை.
காலை ஒன்பதிலிருந்து நிற்கிறேன்.
ஸ்டூல் ஒன்று உண்டு, வாங்க வருகிறவர்களுக்கு.
அதில் சோலையப்பன் உட்கார்ந்திருக்கிறார்,
இரும்புச் சாமான் கடைக்காரர்,
வலது முட்டியைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப்போலத் தடவிக்கொண்டு.
பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார்.
மாலை போட்டுப் பத்து நாள்.

"முட்டித் தேய்மானத்துக்கு ஏதோ இருக்காமே,
அறுபது மாத்திரை போட்ட டப்பா?"

இருக்கிறது. ஆயிரத்து இருநூற்று நாற்பது.
டாக்டரைக் கேட்டாராம்.
சாப்பிட்டால் சாப்பிடுங்கள்,
சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்றாராம்.
அதற்கு நானூறு ரூபாய்.

வெயில் படக்கூடாததெல்லாம் கீழ்த்தட்டில்.
குனிந்தேன்.
முறுக்கு உடைந்த மாதிரி ஒரு சத்தம்,
என் முட்டியில்.
அவருக்கும் கேட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

விரலை எடுத்தேன்.
"அண்ணே, இது இறால் ஓடு, நண்டு ஓட்டுலருந்து எடுக்கிறது."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப்
புள்ளியைப் பார்த்தார்.
பிறகு என்னை.
சொல்லாமலே கொடுத்திருக்கலாமே என்றா,
நல்லவேளை சொன்னாய் என்றா,
இன்றுவரை தெரியவில்லை.
கிரேப் பேண்டேஜ் ஒன்று வாங்கிக்கொண்டு
படியிறங்கினார், இடது கால் முதலில்,
வலது கால் யோசித்து.

மாசியில் வந்தார்.
குதிகாலில் ஆறாத கொப்புளம்.
"சிங்கம்புணரி தாண்டினதும் மடங்கிருச்சு.
அதுக்கப்புறம் வேன்."
கழுத்தில் மாலை இல்லை.
கவுண்டரில் கையூன்றிக் குரலை இறக்கி,
"அந்தப் புள்ளி டப்பா இருக்கா?"

அவர் பேரெழுதி ஓரமாக வைத்திருந்தேன்.

"இது கேக்குமா?"
"தெரியலண்ணே. சில பேர் கேக்குதுங்கிறாங்க.
சில பேர் ரெண்டாவது டப்பாவுக்கு வர்றதில்ல.
ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா
டாக்டர்ட்டச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."
சில்லறை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.
இரும்புக்கடைக்காரர் சில்லறை எண்ணாமல் போனதை
அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறு. வீட்டில் நண்டு ரசம்.
சாப்பிட்டு முடித்து வீட்டுக்காரர்
ஓடுகளைத் தாளில் சுருட்டினார்.
இருங்க என்றேன்.
மெல்லிசான கால் ஓடு ஒன்றை எடுத்துக்
கடைவாயில் வைத்து
நறநறவென்று கடித்தேன்.
மிளகுக் காரம், உப்பு, கொஞ்சம் மணல்.
அவர் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.
நாளைக்கும் ஒன்பது மணிக்கு
நிற்க வேண்டியது நான்.