நிறத்தில் சற்று மாற்றம் இருக்கலாம்

ஏழு நாற்பதிலிருந்து எட்டுக்குள்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும்
பக்கத்து மாடியின் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
கொளத்தூர்ச் சூரியன் எனக்கென்று
ஒரு முழம் வெயில் கிழித்துப் போடுகிறான்.

அதற்குள் பதினான்கு புடவை.
கதவில் ஆணி, ஆணியில் ஹேங்கர்,
முந்தானைக்கு ஒரு படம், கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று.
குக்கர் மூன்றாம் விசில் அடிக்கையில்
ஜெனிட்டா ஒற்றைச் சாக்ஸோடு நிற்கையில்
நான் ராமர் பச்சையில் இருப்பேன்.

படத்தின் கீழே எப்போதும் அந்த ஒரு வரி.
தலைப்பில் இருக்கிறதே, அதுதான்.

கட்டிலுக்கு அடியில் இளம்பிள்ளை
பீரோவின் மேல் சூரத்
நடுவே நாங்கள் மூவர், ஒருக்களித்து.
மழை வலுத்தால் முதலில் மேலேறுவது இளம்பிள்ளை,
பிறகு கேஸ் சிலிண்டர், பிறகு நாங்கள்.

அம்பத்தூரில் பதினோரு வருஷம் லேத் ஓட்டிய கை
இப்போது பின்கோடு எழுதுகிறது.
ஏழுக்கு மட்டும் இடுப்பில் ஒரு கோடு,
வரைபடத்தில் போட்ட பழக்கம்.
"என்ன அழகான கையெழுத்து க்கா" என்று
தாராபுரத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்.
அவரிடம் காட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல்
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வியாழக்கிழமை டில்லிபாபு
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.
ஹெல்மெட் கழற்றவில்லை என்றால் ரிட்டன்.
காரணம் என்ற கட்டத்தில்: நிறம் வேறு.

பிரித்தேன். நான் போட்ட மடிப்பு இல்லை.
பந்தி வாடை.
முந்தானை நுனியில் காய்ந்த பாயசம்.
தோள் மடிப்பில், கழற்ற மறந்த ஊக்கு.

எந்த மண்டபம், யாருக்குக் கல்யாணம்,
எங்கே எடுத்தீங்க என்று எத்தனை பேர் கேட்டார்கள்,
கேட்டவர்களுக்கு என் நம்பரையாவது கொடுத்தீர்களா
செய்யாறு மங்கையர்க்கரசி?

கொள்முதல் நானூற்றி எண்பது.
லாபம் எழுபது என்று நோட்டில் முந்தியே எழுதிவிட்டேன்.
போக எண்பது, வர எண்பது.
"இது கட்டின புடவைங்க" என்று அடித்தேன்,
அழித்தேன்.
"மனசாட்சி" என்று அடித்தேன்.
அது ரொம்பப் பெரிய வார்த்தை,
நானூற்றி எண்பது ரூபாய்க்கு.

கடைசியில் ஊக்கை மட்டும் படமெடுத்து அனுப்பினேன்,
ஒரு எழுத்து இல்லாமல்.
நீல டிக் விழுந்தது.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
ஞாயிறு விடியற்காலை நூற்றி அறுபது ரூபாய்
வந்து விழுந்தது, அதுவும் எழுத்தில்லாமல்.
பின்னாலேயே,
"அந்த அரக்கு இருக்கா க்கா?"

"இருக்கு. பணம் அனுப்பினாதான் பார்சல்."

ஊக்கு நல்ல ஊக்கு. என் தாலிக்கொடியில் இருக்கிறது.
பாயசம் இரண்டு அலசலில் போயிற்று.
விற்க முடியாததைக் கட்டிக்கொண்டு
அன்றைக்கே பூசைக்குப் போனேன்.
முடிந்து வாசலுக்கு வந்தால்
யாரும் அளந்து போடாத வெயில்,
தெரு முழுக்க.
குனிந்து பார்த்தேன்.

படத்தில் வெங்காயத்தோல்.
என் இடுப்பில் கத்தரிப்பூ.