மூன்றாம் கேள்வி

நாவாந்துறையில் விடியமுன்னமே நண்டு வந்துவிடும்.
ஆறு மணிக்குக் கையுறை போட்டால்
பத்துமணி வரைக்கும் எனக்கு விரல்கள் இல்லை,
அந்த இடத்தில் ஐஸ்தான் இருக்கும்.

சுவரில் ஒரு பலகை, நாலு ஆணி.
நாலு ஆணியிலும் நாலு அட்டை:
முன்பக்கம் பச்சை, திருப்பினால் சிவப்பு.
எல்லாவற்றிலும் அதே எட்டுக் கேள்வி.
வேலை தொடங்கமுன் நான் பார்த்துச் சரி போடவேணும்.
நான் பார்த்தேனா என்று டெல்சியா அக்கா நாளுக்கொருக்கால்.
டெல்சியா அக்கா பார்த்தாவா என்று
தரப்பிரிவு அருள்நேசன் கிழமைக்கொருக்கால்.
அருள்நேசனைப் பார்க்க மாதத்தில் ஒருநாள்
மனேச்சர் கீழே இறங்குவார்.
இறங்குவார் என்றுதான் அட்டை சொல்லிற்று.

மூன்றாம் கேள்வி இது:
வெப்பமானியை இன்று ஐஸ் தண்ணியில் வைத்தீர்களா,
பூச்சியம் காட்டியதா?

ஓம். ஓம். ஓம்.
நாற்பத்தொரு நாள், ஆறு பத்துக்கு, என் கையெழுத்தில் ஓம்.
வெப்பமானி பெட்டிக்குள்.
பெட்டி லாச்சிக்குள்.
லாச்சித் திறப்பு டெல்சியா அக்காவின்ர கைப்பையில்.
கைப்பை பாசையூரில் இருந்து
எட்டுமணி பஸ்ஸில் வரும்.

நண்டு காத்திருக்காது.
நான் மட்டும் என்ன செய்ய?
என்ர ஓமைப் பார்த்து அக்கா ஓம் போட்டா,
அக்காவின்ர ஓமைப் பார்த்து அருள்நேசன்.
ஒருவர் கண்ணாடியை ஒருவர் போட்டுக்கொண்டு
நாலுபேரும் ஒரே கடதாசியை வாசித்தோம்.

பங்குனியில் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
ஓட்டுத்துண்டு இல்லை, மயிர் இல்லை,
இறைச்சி சூடுபட்டு மணத்துப்போயிற்றாம்.
எங்கள் புத்தகத்தில் எல்லா நாளும் நாலு பாகை.

பிறகொருநாள் ஆறு மணிக்கே
பெரிய அளவு றப்பர் சப்பாத்தோடு
மனேச்சர் யூஜின் வந்து நின்றார்.
"செய்தீங்களோ" என்று கேட்கவில்லை.
"செய்து காட்டுங்கோ" என்றார்.

தொண்டை வறண்டது.
"திறப்பு எட்டு மணிக்குத்தான் வரும், சேர்."

ஏச்சு வரும் என்று நிலத்தைப் பார்த்தேன்.
வரவில்லை. பலகைப் பக்கம் நடந்தார்.
நானும் பின்னால் போனேன்.
அவருடைய அட்டையை அண்டைக்குத்தான் கிட்ட நின்று பார்த்தேன்.
எனக்கு வாய் சும்மா இராது.
"சேர், வைகாசிச் சரி போட்டிருக்கிறது
போயா நாளில். அண்டைக்கு இஞ்ச பூட்டு."

தொழிற்சாலை முழுக்க லீவு,
அவரின்ர சரி மட்டும் வேலைக்கு வந்திருக்குது.

ஐஸ் மெசினின் இரைச்சல்.
கத்தி பிடித்தபடி நிலானி அசையவில்லை.
யூஜின் தன்ர அட்டையைத்தான் முதலில் திருப்பினார்.
பிறகு அருள்நேசனுடையது. அக்காவுடையது. என்னுடையது.
நாலும் ஒரே நிறம்,
அவிந்த நண்டின் நிறம்.

எட்டு மணிக்குத் திறப்பு வந்தது.
வெப்பமானியை ஐஸ் தண்ணிக்குள் விட்டோம்.
குனிந்த எல்லாத் தலைக்கும் நடுவில்
சய இரண்டு என்றது.
அப்ப நாலு என்று நாங்கள் எழுதினதெல்லாம் ஆறு.
அந்தப் பெட்டி பொய் சொல்லவில்லை.

இப்போது வெப்பமானி ஐஸ் தொட்டிக்கு மேலே
நைலோன் நூலில் தொங்குது.
லாச்சியும் இல்லை, திறப்பும் இல்லை.
ஆனியில் யூஜின் வந்தபோது என்னிடம் கேட்கமுன்
என்னைத் தன்னிடம் கேட்கச் சொன்னார்.
கேட்டேன். இரண்டாம் கேள்வியில் தடுமாறினார்,
கை கழுவாமல் உள்ளே வந்திருந்தார்.

இன்று ஆறு பத்து. தண்ணிக்குள் விட்டேன்.
பூச்சியம்.
பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாங்கியிருக்கிறேன்,
இவ்வளவு சந்தோசமாய் ஒன்றும் வாங்கினதில்லை.

ஐந்தாம் கேள்வி இன்னும் சரிவரவில்லை.
ஓடு தேடுகிற நீல விளக்குக்கு
கொழும்பில் இருந்து குமிழ் வரவேணும்.
வருமட்டும் என்ர அட்டை
அவிந்த நிறத்திலேயே தொங்கட்டும்.