முதல் பத்து

சனிக்கிழமை இரவு, சட்டி கழுவும் சத்தம் அடங்கியபின்
சீஆர் கொப்பியை விரிக்கிறேன்.
அடிமட்டம், சிவப்புப் பேனை, நீலப் பேனை.
இது நாலாவது கொப்பி,
அறுநூற்றுப் பதினான்காம் கிழமை.

விதிகள் முதல் கொப்பியின் முன்மட்டையில்:
நானாகப் போட்டுக் கேட்டது செல்லாது.
பாட்டுத் தானாக வரவேண்டும்,
பஸ்ஸில், சலூனில், யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கில்.
ஒரு கிழமை காதில் விழாவிட்டால் இரண்டு படி இறக்கம்.
விளம்பரத்துக்கு இடமில்லை.
பாண் ஓட்டோவுக்கு ஆயுட்காலத் தடை,
இல்லாவிட்டால் பெரியகல்லாற்றில் என்றைக்கும் அதுதான் முதலாவது.
"இது என்ன பாட்டு" என்று எவரிடமும் கேட்கக் கூடாது.
வாவியில் மீன் பாடும் என்பவர்கள்
நாளும் நேரமும் தரட்டும், பரிசீலிக்கலாம்.

மச்சான் கேட்டான்: இதுக்கு ஆரும் சம்பளம் தாறாங்களா?
கரண்டும் டீசலும் இல்லாத அந்த வருடம்
சில கிழமைகளில் நாலே பாட்டு,
மீதி ஆறு கோடும் வெறுமை.
அந்தப் பக்கங்களையும் நான் கிழிக்கவில்லை. அதுதான் பதில்,
அவனுக்கு விளங்காது.

கல்முனையில் நீர்க்கட்டணம் வாங்க இரண்டு கவுண்டர்.
ஒன்றில் நான். மற்றதில் ஜெஸீமா.
காசு எண்ணும்போது அவ முணுமுணுப்பா:
நூறு ரூபாய்த் தாளுக்கு ஒரு ஏற்றம்,
ஐந்நூறுக்கு ஒரு இழுவை,
ஆயிரம் வந்தால் அப்படியே நிற்கும்.
என்ன பாட்டென்று தெரியாது. கேட்கவும் முடியாது.
ஒன்பதாம் இடத்தில் எழுதினேன்: கவுண்டர் இரண்டு.
அடுத்த கிழமை ஆறு. பிறகு மூன்று.
மாதக் கடைசியில் சனம் கூடியது, எண்ணலும் கூடியது.
பதினேழு கிழமை ஆண்ட 'சைக்கிள் லைட்டு'
இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.
அதைப் பாடியவர் இன்னும் அறியார்.

ஒன்பது கிழமை முதலிடம்.
பிறகு பொத்துவிலுக்கு இடமாற்றம்,
ஆளுக்கொரு கேக் துண்டு, ஒரு குரூப் போட்டோ.
இப்போது அந்தக் கதிரையில் கிருபைராசா.
அவர் மெஷினால் எண்ணுகிறார்.

விதி விதிதான்.
மூன்று. ஐந்து. ஏழு. ஒன்பது.
நீல அம்பு கீழ்நோக்கிப் போடுகையில்
அடிமட்டம் கொஞ்சம் வழுக்கியது,
அவ்வளவுதான் சொல்வேன்.

ஐந்து மாதம் கழித்து, மருதமுனையில் பஸ் நிற்க,
கைத்தறிக் கடை ஸ்பீக்கரில்
அதே ஏற்றம், அதே இழுவை.
அவ நிறுத்துகிற இடத்தில் அது நிற்கவில்லை, மேலே போனது.
மேலே ஒரு ஆண் குரல் சந்தோஷமாகச் சொன்னது:
நுளம்புத்திரி, இரண்டு பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்.

வெட்டினால் அந்த ஒன்பது கிழமையும்
'சைக்கிள் லைட்டு'க்குப் போய்ச் சேரும்.
மொத்தம் இருபத்தாறு. எந்தப் பாட்டும் தொடாத எண்.
இரண்டு இரவு இதையே கணக்குப் பார்த்தேன்.
வெட்டவில்லை.
ஓரத்தில் சிவப்பால் ஒரு உடுக்குறி போட்டேன்,
கீழே விளக்கம் எழுதவில்லை.

திங்கட்கிழமை, பழைய மீற்றர் இலக்கம் ஒன்று கேட்கும் சாட்டில்
பொத்துவிலுக்கு எடுத்தேன்.
"எண்ணுறபோது பாடுவீங்களே, அது நுளம்புத்திரி விளம்பரமாம்."
"நானா? நான் பாடுற இல்லையே.
இரிங்க, ஒரு ஆள் நிக்கார், காச எடுத்திட்டு வாறன்."
ரிசீவரை மேசையில் வைத்த சத்தம்.
தாள்கள்.
பிறகு தூரத்தில்
வேறொரு மெட்டு, நான் கேட்டிராதது.

தொலைபேசிக்கு இதுவரை விதி இருக்கவில்லை.
அன்றிரவே முன்மட்டையில் சேர்த்தேன்: அரைப் புள்ளி.
அரைப் புள்ளிக்குப் பத்துக்குள் இடம் கிடைக்காது.
கடைசிக் கோட்டுக்குக் கீழே,
அடிமட்டம் வைக்காமல் எழுதினேன்:
பதினொன்று, பொத்துவில்.