ஒழுகாத கூரை

மார்கழி கடைசியில் மழையே இல்லை.
ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு
என் நெற்றியில் ஒரு சொட்டு.
இருட்டில் படுத்தபடியே
நாகலூர் வீட்டுக்குத் தளம் போட்ட பெரியாண்டியைத் திட்டினேன்.
ஒழுகுகிற கூரைக்கு முழுக்கூலி எதற்கென்று
அவருக்குத் தரவேண்டிய ஆறாயிரத்தை
இரண்டு வருடமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

சகாயராணி சேலத்திலிருந்து வந்தாள்.
அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி மாடிகளில்
வெயிலைத் தடுக்கிற வேலை அவளுக்கு.
மாடிக்கு ஏறவில்லை.
கட்டில்மேல் நின்று
கூரையின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.
"இந்த ரூம்ல எத்தன பேர் படுக்கிறீங்க?"

மூன்று பேர். நான், இவர், ஏழாவது படிக்கிற பையன்.
கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி,
பக்கத்திலேயே வெந்நீர் கொதிக்கிற அடுப்படி.

"மேலிருந்து ஒரு சொட்டும் வரலைங்க.
நீங்க விட்ட மூச்சுதான்
சில்லுனு இருக்கிற கான்கிரீட்ல பட்டுத் திரும்பி வருது."

நான் ஒன்றும் பேசவில்லை.
உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டிவிடலாமே, செலவு குறையும்
என்றார் இவர்.
"போர்வைய வயித்துக்குள்ளயா போத்துவீங்க?" என்றாள்.

மாசியில் தொடங்கினார்கள்.
பழைய தளத்தைச் சுரண்டிக் கழுவி,
ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை
நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவைத்துப் போனாள்.
காலையில் தாளுக்கடியில் முத்துமுத்தாய் ஈரம்.
"இன்னும் வேர்க்குது. பொறுங்க."
ஐந்து நாள் பொறுத்தோம்.
எஸ்டேட் முழுக்கக் காப்பி மொட்டுகள்
அரிசி பருமனுக்குத் திரண்டு பூமழைக்குக் காத்திருந்தன.
எங்கள் மாடி மட்டும்
இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்றது.

முதலில் வாட்டம், தண்ணீர் போகும் பக்கம் பார்த்து.
அதன்மேல் தார்த்தாள். நீலத் தீயில் உருகி
ஓரத்தோடு ஓரம் நாலு விரல் ஏறி ஒட்டிக்கொண்டது.
எங்கள் மூச்சு இதற்குமேல் போகாது.
அப்புறம் இளஞ்சிவப்பில் நுரைப்பலகைகள்,
இருபது கொண்டை ஊசி வளைவும் மினி லாரியில் ஏறி வந்தவை.
இரண்டு அடுக்கு,
கீழடுக்கின் இடுக்கு மேலடுக்கின் நடுவில் வரும்படி.
கணவாய்க் காற்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக
பையன் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே துரத்திப் போய்
மிளகுக் கொடியிலிருந்து பிடுங்கி வந்தான்.
ஒரே கையில் தலைக்குமேல் பிடித்திருந்தான்.

இதுவா குளிரைத் தாங்கும் என்று கேட்டேன்.
"கீழ இதே பலகைதாங்க வெயில உள்ள விடாது.
இங்க கணப்ப வெளிய விடாது.
அதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"
சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம்.

பலகைமேல் மறுபடி ஒரு நீர்த்தடுப்புத் தாள்.
கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் ஏற்றி மடக்கி,
குழாய் வாய்க்குள் இறக்கி,
கடைசியாகச் சிமெண்ட், வெள்ளை ஓடு.
சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துக்
கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

செவ்வாய் இரவு பூமழை பெய்திருக்கிறது.
எங்களுக்குத் தெரியவில்லை.
காலையில் கதவைத் திறந்தபோது
வாசம் வந்து சொன்னது.
சரிவு முழுக்க மொட்டுகள் வெள்ளையாக வாய்பிளக்கத் தொடங்கியிருந்தன.

கட்டில்மேல் ஏறிக் கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் முதுகுபோல
உலர்ந்து, வெதுவெதுப்பாக.

பெரியாண்டிக்குப் போன் போட்டேன்.
செம்மநத்தத்தில் ஏதோ தளம் போடுகிறார்.
பின்னால் மிக்சர் சத்தம்.
"யாரு? எந்த வீடு?"
நாகலூர், என்றேன்.
ஒழுகுதென்று சொன்னேனே, அது.
கொஞ்சநேரம் ஜல்லி உருள்கிற சத்தம் மட்டும்.

உங்கள் ஆறாயிரத்தை அனுப்பிவிடுகிறேன் என்றேன்.
"ஆறில்லீங்க, எட்டு."

அலமாரியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன்.
மேலட்டை பூசணம் பூத்திருந்தது.
என் கையெழுத்து.
எட்டுதான்.