விண்ணப்ப எண்

இரண்டு கோடியே எண்பது லட்சத்து
இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
வீட்டு வாரியக் குலுக்கலுக்கு
எமீமாவுக்கும் எனக்கும் சேர்த்துத் தந்த எண்.
ரசீதை அவள் பைபிளுக்குள் செருகினாள்.
நான் எண்ணை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
ஜி.டி.பி. நகரில் ரயிலேறினேன்.

ஒற்றைப்படை. இரண்டு வாசலிலேயே திரும்பிவிட்டது.
இலக்கங்களின் கூட்டல் பத்தொன்பது,
ஆகவே மூன்றும் இல்லை.
சுனாபட்டியில் ஏழால் வகுத்தேன்: ஐந்து மிச்சம்.
குர்லாவில் பதினொன்றால்: அதே ஐந்து.
செம்பூரில் கூட்டம் ஏறி
பென்சில் முனை முறிந்தது.
பதின்மூன்றை மறுநாளைக்கு வைத்தேன்.

மழைக்காலம் முழுக்க வகுத்தேன்.
நானூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள்,
ஒவ்வொன்றும் எதையாவது மிச்சம் வைத்துவிட்டு இறங்கிப்போயின.
ஜன்னலோரத்துச் சுலபா சொன்னாள்:
"மொபைலில் தட்டினால் ஒரு நொடி."
தெரியும்.
ஒரு நொடியில் தெரிந்துவிட்டால்
வாஷி வரைக்கும் நான் என்ன செய்வது?

மான்கூர்ட் தாண்டிக் கழிமுகப் பாலத்தின்மேல்
மூவாயிரத்து நானூற்று ஏழு
மிச்சமில்லாமல் உள்ளே போனது.
அந்தப் பக்கம்
எட்டாயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது.
அதைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை,
சிறியது ஏதும் ஒளிந்திருந்தால்
முன்பே அகப்பட்டிருக்கும்.
இரண்டே பேர். இரண்டு பேரும் பகாதவர்கள்.
நடுவில் ஒரு பெருக்கல் குறி.
எங்கள் அறையில் அந்த இடத்தில்
பழைய சேலை ஒன்று தொங்குகிறது.

தன்னை விட்டுவிட்டு வகுத்திகளைக் கூட்டினேன்:
ஒன்றும் அந்த இருவரும் சேர்ந்து
பதினோராயிரத்து அறுநூற்று இருபத்தேழு.
கோடிக்கணக்கில் துண்டு விழுகிறது.
குறை எண் என்று பெயர் இதற்கு.
குறைந்த வருவாய்ப் பிரிவு என்ற கட்டத்தில்
நாங்களும் டிக் போட்டிருந்தோம்.

நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது.
ஒன்று மிஞ்சும் பகா எண் எதையும்
இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்.
இந்த எண்ணுக்கோ அந்த ஒன்று வெறும் ஆசைகாட்டல்,
உள்ளே இருக்கும் இருவருக்கும்
தனித்தனியே மூன்று மிஞ்சுகிறதே!
எமீமா ரேஷன் பையின் பின்பக்கம்
ஆளுக்கொரு சதுர அறை வரைந்து
ஜன்னல் கூட வைத்திருந்தாள்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

குலுக்கலில் விழவில்லை.
அக்டோபரில் முன்பணம் திரும்பி வந்தது,
படிவக் கட்டணம் போக.
அன்றிரவு தூக்கம் பிடிக்காமல்
ஒவ்வோர் இலக்கத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டினேன்:
தொண்ணூற்றொன்று.
அதையும் அப்படியே. எண்பத்திரண்டு.
அறுபத்தெட்டு. நூறு.
ஒன்று.
இப்படி ஒன்றில் வந்து அடைகிறவற்றுக்கு
மகிழ்ச்சி எண் என்று பெயராம்.
பெயர் வைத்தவர் எத்தனை அறை வீட்டில் இருந்தாரோ.
"லைட்டை அணை" என்றாள் எமீமா
சேலைக்கு அந்தப்பக்கமிருந்து.

இந்த வருடத்து எண் ஆறில் முடிகிறது.
ரயில் நகருமுன்பே பாதியாகிவிட்டது.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.
பாதியை எடுத்துக்கொண்டு
மூன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.