குழல் இரண்டு, மாகாணம் இரண்டு

நானுஓயா பொலிஸ் ஸ்டேசனில்
மேசைமேல் படுக்க வைத்து
டேப் பிடித்து அளந்தார்கள்.
குழல் இருபத்தெட்டு அங்குலம்.
இலக்கத்தைச் சிங்களத்தில் ஒருவர் வாசிக்க
இங்கிலீசில் இன்னொருவர் எழுதினார்.
தமிழில் நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இறந்தவர்: பெ. வேலாயுதம், டீமேக்கர், ஓய்வு.
பெயரிலேயே ஆயுதம் இருந்த மனிதர்
பன்றியைக் குறிபார்த்து ஒரே ஒரு தடவை சுட்டார்.
தண்ணீர்த் தாங்கி ஓட்டையானது.
அதற்குப் பிறகு எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு சரி.

பெறுபவர்: தவமலர், ஹப்புத்தளை.
உறவு: தம்பி மகள்.
"பயிர்ப் பாதுகாப்புக்கா?" என்றார் கச்சேரியில்.
என்னிடம் இருப்பது நாலு பாத்தி லீக்ஸ், ஒரு பேரிக்காய் மரம்.
"இல்லை, பழைய சாமான். வைத்திருக்க" என்றேன்.
அவர் அந்தப் படிவத்தை உள்ளே வைத்துவிட்டு
அதைவிட நீளமான ஒன்றை எடுத்தார்.

பதினொரு மாதம்.
எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதென்று டாக்டர் எழுத வேண்டும்,
அலுமாரிக்குப் பூட்டு இருக்கிறதென்று கிராம சேவகர் எழுத வேண்டும்,
பதுளை ஏற்றுக்கொண்டால்தான் நுவரெலியா விடும்,
நுவரெலியா விட்டால்தான் பதுளை ஏற்கும்.
கடைசியில் ஒன்று:
வேறு வாரிசு யாராவது இருந்தால்
ஆட்சேபனை இல்லையென்று சத்தியக்கடதாசி.

இருந்தார். கோத்தகிரியில்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த கிழமை
மூன்று மாதச் சம்பள பாக்கிக்குப் பதிலாக
பெரியப்பாவின் கையில் அதைத் திணித்துவிட்டு
துரை ஊருக்குப் போனார்.
லைசன் தோட்டத்தின் பெயரிலேயே ஓடியது.
துப்பாக்கிக்கு இலக்கம் இருந்தது,
பிறந்த ஊர் பர்மிங்ஹாம் என்று குழலில் வெட்டியிருந்தது.
நானுஓயாவில் பிறந்த பெரியப்பாவுக்கு
எண்பத்தெட்டு வரை எந்த நாடும் இல்லை.

சித்தப்பாவுக்கு ஒரு நாடு கொடுத்தார்கள்.
அது இது இல்லை.
எழுபத்தேழில் ஒரே ஒரு முத்திரை,
ஒரு தகரப்பெட்டி, தலைமன்னார் ரயில்.
ஆட்சேபனை உண்டா என்று
எங்கள் யாரிடமும் படிவம் நீட்டவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில்
ஏதோ பரிசோதனைக்கென்று
அது ஸ்டேசனில் கிடந்தது.
வீடு எரிந்தது. அது எரியவில்லை.
அந்த நாளைப் பற்றி
"நல்ல வேளை" என்று மட்டும் சொல்வார் பெரியப்பா,
எது நல்ல வேளை என்று சொல்லாமல்.

கோத்தகிரித் தபால் வந்தது.
முத்திரைத்தாள், நோட்டரி, சிவப்பு மை.
எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.
அதற்குக் கீழே, சட்டத்துக்கு வெளியே,
பென்சிலில் இரண்டு வரி:
"அதுக்காவது இவ்வளவு விசாரிக்கிறாங்களே, சந்தோசம்.
தாங்கியை அடைச்சாங்களா?"

ரயிலில் அதற்கு ஜன்னலோரம்.
நடுவில் கொஸ்தாப்பல் விஜேகோன், பிறகு நான்.
அம்பேவெலையில் வடை வாங்கினார்,
எனக்கும் ஒன்று, செத்தல் மிளகாயோடு.
விரிப்பில் சுற்றிய நீளத்தைப் பார்த்து
எதிர்ச் சீட்டுப் பிள்ளை "என்ன அது?" என்றது.
"குடை" என்றார் விஜேகோன், தமிழில்.

பட்டிப்பொல சுரங்கம்வரை மழை.
இருட்டுக்குள் எங்கேயோ
மாகாணம் மாறியிருக்க வேண்டும்.
பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கூவியது,
வேறு சத்தமில்லை.
வெளியே வந்தால் ஊவா வெயில்,
கண் கூசியது.
விஜேகோன் மணி பார்த்துக்
குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஹப்புத்தளையில் எட்டுக் கையெழுத்து.
எட்டாவதில் என் பெயர் எனக்கே அந்நியமாயிருந்தது.

இப்போது அலுமாரியில், சேலைகளுக்குப் பின்னால்.
தோட்டா கிடையாது,
அதற்கு வேறு படிவம், நான் கேட்கவில்லை.
சித்தப்பாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை;
தாங்கியை அடைத்தார்களா என்று தெரிந்தவர்
யாரும் இங்கே இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் புதுப்பிக்க வேண்டும்.
கலண்டரில் வட்டம் போட்டு
உள்ளே எழுதியிருக்கிறேன்:
குடை.