வெட்டியதில் மிச்சம்

போகடெல்லோ நூலகத்தின் அடித்தளம்.
ஜனவரி, மூன்றாம் வியாழக்கிழமை.
வெளியே கார்களுக்கெல்லாம் முழங்கால் வரை பனி.
உள்ளே ஆறு பெண்கள், ஒரு டெல்பர்ட்,
ஏழு கத்தரிக்கோல்.

விதி ஒன்றுதான்:
புதுத்தாள் வாங்கி வரக்கூடாது.
கிறிஸ்துமஸில் மிஞ்சியது,
யார் கல்யாணத்திலோ மிஞ்சியது,
ஒட்டிப் பார்த்துப் பிடிக்காமல் உரித்தது,
பார்கோடு அச்சடித்த ஓரப்பட்டைகூட,
எல்லாம் மேசை நடுவே ஒரே குவியல்.
யாரும் எதையும் எடுக்கலாம்.
யாருடையது என்று மட்டும் கேட்கக்கூடாது.
(ஆக, விதி இரண்டு.
டெல்பர்ட் இரண்டையுமே மறந்துவிடுவார்.)

லடான் பலகையில் ஸ்கெட்ச் போடுகிறாள்.
இடப்பக்கம் நின்றவாக்கில் ஒரு செவ்வகம்,
அதன் தோளில் சாய்ந்து இரண்டு சதுரம்,
குறுக்கே கையளவு ஒரு பட்டை,
மூலையில் வட்டம்.
கீழே ஒரு நெளிகோடு, தலைப்புக்கு.
மனைப் பிளான் மாதிரி இருக்கிறது.
குடிவைப்பது அவரவர் பாடு.

டெல்பர்ட் செவ்வகத்தில் தன் உருளைக்கிழங்கு லாரியை வைத்தார்.
சதுரங்களிலும் லாரி.
வட்டத்தில், போனால் போகிறதென்று,
மனைவி.

நான் கொண்டு வந்தவை படங்களிலேயே மிச்சம்.
எந்த ஆல்பத்திலும் இடம் கிடைக்காதவை.
தும்மப்போகும் கிளேட்.
என் கட்டைவிரல் மறைத்த ஒரு பிறந்தநாள்.
அப்புறம் வயோமிங் எல்லையில், பெட்ரோல் பங்க் வாசலில்
நானும் என் தங்கை அர்வில்லாவும்,
அவள் வாய் கொள்ளாத பர்கரோடு.

நாங்கள் பேசி இரண்டு வருஷமாகிறது.
அம்மாவின் டிரெய்லர் விற்ற விலை காரணம்.
விற்றதாக அவள் சொன்ன விலை.

எழுத்து ஸ்டிக்கர் தாளில் பாக்கி இருந்தவை:
க்யூ, எக்ஸ், இஸட், மறுபடியும் க்யூ,
ஒரு டபிள்யூ, ஒரு மூன்று.
உயிரெழுத்துகள்தான் எப்போதும்
முதலில் தீர்ந்து போகின்றன.
டபிள்யூவைக் கவிழ்த்தால் எம்.
மூன்றைத் திருப்பினால் ஈ.
அதற்கு மேல் வழியில்லை.
என் பக்கத்தின் தலைப்பு 'மீ' என்றாயிற்று.

சதுரம் சின்னது.
படத்தில் இரண்டு பேர்.
ஸ்கேல் வைத்து இழுத்தேன்,
கத்தி அவள் தோளோரம் இறங்கியது.
கோபமெல்லாம் இல்லை. அளவு அப்படி.
டிரெய்லர் விஷயத்தில் அவளும்
இதைத்தானே சொன்னாள்: கணக்கு அப்படி.

சதுரத்துக்குள் நான் மட்டும் சிரித்தேன்.
என் இடத்தோளில் நான்கு விரல்கள்,
ஆளில்லாமல்.
அவளுடைய பாதி குவியலில் விழுந்தது.

ஒன்பது மணிக்குப் பக்கங்களைத் தூக்கிக் காட்டினோம்.
ஒரே ஸ்கெட்ச், ஏழு ஊர்.
லடான் பக்கத்தில் அவள் பையன்கள்
தூண்டிலோடு நின்றார்கள்.
குறுக்குப் பட்டையில் ஸ்நேக் ஆறு ஓடியது:
நீலம், சுருக்கம் சுருக்கமாக மடிப்பு விழுந்த நீலம்,
நடுவில் ஒரு வெள்ளிப் புள்ளி.
"மீன் துள்ளுது பாருங்க" என்றாள்.
எனக்குத் தெரியும் அது பித்தான் என்று.
அந்த முழங்கைச் சுருக்கமும் எனக்குத் தெரியும்.

முகத்தை என்ன செய்தாய் என்று
வாய்வரை வந்தது.
கேட்கக்கூடாது.
அந்த விதியைப் போட்டதே நான்தான்.
"நல்ல ஆறு" என்றேன்.
நல்ல ஆறுதான்.

நாற்காலிகளை மடித்து, குப்பையைக் கூட்டி
(கூட்டும்போது தேடினேன்; இல்லையென்று சொல்லமாட்டேன்)
காருக்கு வந்தேன்.
கண்ணாடிப் பனி உருகும்வரை
சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.
இரண்டு வருஷத்துக்குப் பிறகு
அந்த எண்ணுக்கு எழுதினேன்:

உன் நீலச் சட்டை ஆறாகிவிட்டது.
லடான் பையன்கள் அதில் மீன் பிடிக்கிறார்கள்.

வைப்பர் ஒரு தடவை முனகியது.
இன்னொரு தடவை.
பதில் வந்தது:

எந்தச் சட்டை?